அழ வைப்பது குழலா, பழக்கமா?

கம்போங் மேடானில் சாவு வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பெட்டாலிங் ஜெயாவின் தெற்கோரத்தில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டி நிற்கும் அடுக்குமாடிகளுக்கு நடுவே தப்பு முழங்கத் தொடங்கினால் போதும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காது சொல்லிவிடும். மாலையும் கையுமாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து சேர்ந்துவிடுவார்கள். மின்சுடலைக்குப் புறப்படும் நேரம் நெருங்க நெருங்க அடியும் வேகமும் கூடும். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள். வெளியே வாலிபர்கள் வியர்க்க வியர்க்க ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இங்கிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், 2022 செப்டம்பர் 19 அன்று, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் எலிசபெத் மகாராணியின் இறுதிச் சடங்கு நடந்தது. அதன் கடைசிக் கட்டத்தில் பால் பர்ன்ஸ் என்ற படைவீரர் தனி ஆளாக நின்று பேக்பைப்பில் ஒரு தாலாட்டு மெட்டை வாசித்தார். வாசித்தபடியே திரும்பி நடந்து, கண்ணுக்கு மறைந்து போனார். உலகமெங்கும் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகாராணியை அறியாதவர்களுக்கும் பேக்பைப்பை அதற்குமுன் கேட்டிராதவர்களுக்கும்கூட அன்று தொண்டை அடைத்தது.

இந்த இரண்டு ஒலிகளும் உளவியல் நூல்கள் சொல்லும் இலக்கணத்துக்கு அடங்காதவை. பாட்ரிக் யூஸ்லின், பெட்ரி லாவுக்கா என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் மனிதக் குரலைப் பற்றிய 104 ஆய்வுகளையும் இசையைப் பற்றிய 41 ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். துயரம் வெளிப்படும்போது குரலும் இசையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்பது அவர்கள் கண்டது. மெதுவாகப் போகும், சத்தம் தணியும், சுருதி இறங்கும், ஒலியின் கூர்மை மழுங்கும். நொந்துபோனவன் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் பேக்பைப் தணிந்த கருவி அல்ல, மழுங்கிய கருவியும் அல்ல. வாசிப்பவரின் காதருகே அதன் ஒலி 100 டெசிபலைத் தாண்டும். தப்போ தணியவும் தணியாது, மெதுவாகவும் போகாது. அப்படியிருக்க, துயரத்தின் இலக்கணத்தை இவ்வளவு மீறும் இரண்டு கருவிகள் எப்படிச் சாவுக்கு உரியவை ஆயின?

முதலில் பேக்பைப்பைக் கழற்றிப் பார்ப்போம். ஒரு பை, அதற்குள் காற்றூத ஒரு வாய்க்குழல், விரல் வைத்து வாசிக்கும் சாண்டர் என்ற குழல், தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று சுருதிக் குழல்கள். வாசிப்பவர் வாயால் பையை நிரப்புகிறார், முழங்கையால் அமுக்குகிறார். அவர் மூச்சை இழுக்கும் நேரத்திலும் பையிலிருந்து காற்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒலி அறுபடாது. சாண்டருக்குள் இருக்கும் இரட்டைச் சீவாளி ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில்தான் சரியான சுருதியில் பேசும். அமுக்கத்தைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் குழல் திக்கும். ஆகவே இந்தக் கருவியில் மெல்ல வாசிப்பது, உரக்க வாசிப்பது என்ற பேச்சே இல்லை. ஒரே அளவு ஒலி, தொடக்கம் முதல் முடிவு வரை. நடுவே மௌனமும் கிடையாது. சீவாளி பைக்குள் மறைந்திருப்பதால் நாக்கால் தட்டி ஒலியை வெட்டவும் முடியாது. ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டுமானால், இடையில் வேறொரு ஸ்வரத்தை மின்னலாகத் தொட்டுப் பிரித்தாக வேண்டும். பேக்பைப் இசை முழுவதும் கேட்கும் அந்தச் சிறு விக்கல்கள் அலங்காரமாக வந்தவை அல்ல, கருவியின் இயலாமையால் வந்தவை.

அந்த விக்கல்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நம் வீட்டுக் கருவிக்கு வருவோம். நாகசுரமும் இதே குடும்பம்தான். கூம்பு வடிவக் குழல், நாணல் சீவாளி, பக்கத்தில் ஒத்து. ஒத்து என்பது நாகசுரத்தைப் போன்றே இருக்கும் குழல். விரல் துளை இல்லாமல் ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருக்கும். அதை ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதைத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பார். பேக்பைப்பின் பை செய்வதும் அந்தக் கன்னத்தின் வேலையைத்தான். சொல்லப்போனால் நம்மிடமும் பை இருந்தது. பழைய சதிர்க் குழுக்களில் முகவீணைக்குத் துணையாகத் துத்தி என்ற தோல்பைச் சுருதிக் கருவியை ஒருவர் அமுக்கிக்கொண்டு நிற்பார். ஆர்மோனியப் பெட்டியும் பிறகு மின்சாரச் சுருதிப்பெட்டியும் வந்து அதை விரட்டிவிட்டன. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பையைப் பிரமாண்டமாக்கி உலகமெல்லாம் கொண்டுபோனார்கள். நாம் நம்முடையதை மறந்தே போனோம்.

கூம்புக் குழலுக்கு ஒரு குணம் உண்டு. அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மேலதிர்வுகளும் அதில் பலமாக எழும். சுருதிக் குழல்கள் நேர் உருளையானவை. அவற்றில் ஒற்றைப்படை மடங்குகளே ஓங்கி நிற்கும். சாண்டரின் ஆதார ஸ்வரம் இன்று 475 ஹெர்ட்ஸை ஒட்டி வைக்கப்படுகிறது. இரண்டு சுருதிக் குழல்கள் அதற்கு ஒரு ஸ்தாயி கீழேயும், பெரியது இரண்டு ஸ்தாயி கீழேயும் ஒலிக்கும். எல்லாம் சேரும்போது நூறு ஹெர்ட்ஸ் சொச்சத்திலிருந்து பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாத ஒலிச்சுவர் ஒன்று எழும்பிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. சாண்டரின் மேலதிர்வுகள் கொட்டுவதும் அங்கேதான். பிறந்த குழந்தையின் அழுகையும் இதே வட்டாரத்தைச் சேர்ந்தது. அதன் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 400, 500 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும், மேலதிர்வுகள் சில ஆயிரம் வரை போகும். அலட்சியப்படுத்த முடியாத ஒலியாகவே குழந்தையின் அழுகை அமைந்திருக்கிறது. பேக்பைப்பை வடிவமைத்தவர்கள் இதைக் கணக்குப் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் காதின் அதே வாசலைத்தான் அவர்களும் தட்டியிருக்கிறார்கள்.

இப்போது விக்கல்களுக்கு வருவோம். ஜான் ஸ்லோபோடா என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1991இல் 83 பேரிடம், எந்த இசைப்பகுதியைக் கேட்கும்போது உடம்பு என்ன செய்கிறது என்று விசாரித்தார். கண்ணீர் வந்ததாகச் சொன்னவர்கள் காட்டிய பகுதிகளில் அடிக்கடி தென்பட்டது ஒரே ஒரு உத்தி. சேர வேண்டிய ஸ்வரத்துக்குப் பக்கத்து ஸ்வரத்தில் முதலில் சாய்ந்து, ஒரு கணம் உறுத்திவிட்டு, பிறகு இறங்கி அமர்வது. அசையாத சுருதி ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த உறுத்தல் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஆதாரத்தோடு சேராத ஸ்வரம் சுருதியோடு மோதி அதிர்வுகள் விம்மும், சேர்ந்ததும் விம்மல் அடங்கும். பேக்பைப்பில் இது கணத்துக்குக் கணம் நடக்கிறது. நம் ஒப்பாரியிலும் அதுவேதான். அடி உச்சத்தில் தொடங்கும், படிப்படியாக இறங்கும், இறங்கும் வழியில் குரல் உடையும், கடைசியில் இழுத்த மூச்சே ஒரு ஒலியாகும். பிரேசில் பழங்குடிகளின் புலம்பலை ஆராய்ந்த மானிடவியலாளர் கிரெக் அர்பன், குரல் உடைதலும் ஒலியோடு மூச்சிழுத்தலும் அங்கும் அழுகையின் அடையாளங்களாக இருப்பதை 1988இல் எழுதினார். பிரேசில் பழங்குடிக் குடியிருப்புக்கும் நம் தோட்டத்து லய வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொண்டை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதுவரை உடம்பின் பங்கு. இனி வருவதுதான் எனக்குச் சுவையானது.

பேக்பைப் சாண்டரில் இருப்பவை ஒன்பது ஸ்வரங்கள் மட்டும். ஆதார ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள். சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்று வரிசை போகிறது. இது அப்படியே ஹரிகாம்போதி. பழந்தமிழிசையில் செம்பாலை என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டும் அதே பண்வரிசை. காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் பியானோவின் சமன் செய்த சுருதியில் வைக்காமல், ஆதாரத்துக்கு 5:4, 3:2 என்ற சுத்த விகிதத்தில் வைக்கிறார்கள். சுருதி ஓடிக்கொண்டே இருக்கும் இசைக்கு வேறு வழியும் இல்லை. ஆக ஸ்காட்லாந்துக்காரர் தோளில் சுமப்பது நம் காதுக்கு முற்றிலும் பழக்கமான ஒரு மேளகர்த்தா ராகத்தை. ஹரிகாம்போதியைக் கேட்டு எவராவது சாவு வீட்டை நினைத்ததுண்டா?

இன்னும் கொஞ்சம் போகலாம். ஆங்கிலம் பேசும் நாடுகளின் இறுதிச் சடங்குகளில் பேக்பைப்பில் மிகுதியாக வாசிக்கப்படும் மெட்டு ‘அமேசிங் கிரேஸ்’. ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் படைப்பிரிவின் இசைக்குழு 1972இல் அதை இசைத்தட்டாக வெளியிட்டது, பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. நியூயார்க்கில் தீயணைப்பு வீரர் இறந்தால் இந்த மெட்டு, கனடாவில் போலீஸ்காரர் இறந்தால் இந்த மெட்டு. அதில் உள்ளவை ஐந்தே ஸ்வரங்கள்: ச, ரி, க, ப, த. ரிஷபமும் தைவதமும் சதுஸ்ருதி, காந்தாரம் அந்தரம். பாட்டு கற்கும் பிள்ளைகளைக் கேட்டால் யோசிக்காமலே மோகனம் என்று சொல்லிவிடுவார்கள். கமகமும் நடையும் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்வரக் கூட்டம் அதேதான். பிரிக்பீல்ட்ஸ் கலாமண்டபத்தில் மோகனம் பாடினால் சபை மலர்ந்து உட்காரும். அதே ஐந்து ஸ்வரங்கள் நியூயார்க்கில் பெட்டியை மண்ணில் இறக்கும்போது ஊரையே அழ வைக்கின்றன.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. முகாரி என்றாலே அழுகை என்பது தமிழர்களிடம் ஊறிப்போன கருத்து. எப்போதும் குறை சொல்லிக்கொண்டிருப்பவனை ‘முகாரி பாடாதே’ என்று அடக்குகிறோம். ஆனால் தியாகராஜர் ‘எந்தனி நே’ கீர்த்தனையில் சபரியின் பெரும்பேற்றை வியந்து பாடியது இந்த முகாரியில்தான். ராமனே குடிசை தேடி வந்த ஆனந்தத்தை அவர் அழுகை ராகத்திலா பாடுவார்? ராகத்துக்கு நாம் ஒட்டிய முத்திரை ராகத்தின் உடம்பில் இல்லை.

இதை முழுவதும் பழக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1999இல் லாரா-லீ பால்க்வில், வில்லியம் தாம்சன் இருவரும் இந்துஸ்தானி ராகங்களை, அவற்றை அறியாத மேற்கத்தியர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, துயரம், கோபம் ஆகியவற்றை அவர்கள் பெருமளவு சரியாகக் கண்டுபிடித்தார்கள். சாந்தத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேமரூன் நாட்டின் வடக்கு மலைகளில் வாழும் மாஃபா மக்களிடம் தாமஸ் ஃபிரிட்ஸ் நடத்திய ஆய்வு 2009இல் வந்தது. மேற்கத்திய இசையைக் கேட்டே இராத அவர்கள், அதில் மகிழ்ச்சி எது, துயரம் எது, அச்சம் எது என்பதைக் குருட்டாம்போக்கைவிடத் தெளிவாகச் சொன்னார்கள். நடையின் வேகம், சுருதியின் இறக்கம் போன்ற பொதுக்குறிகள் எல்லா மனிதர்களுக்கும் புரிகின்றன. அதற்கு மேல் உள்ளதை ஊர்தான் சொல்லிக்கொடுக்கிறது.

ஊர் எப்படிச் சொல்லிக்கொடுக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்திலேயே சான்று இருக்கிறது. ‘ஃபிளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்’ என்ற மெட்டு, 1513இல் ஃபிளாடன் போர்க்களத்தில் மாண்ட ஸ்காட்லாந்து வீரர்களுக்கான இரங்கல். பேக்பைப் கலைஞர்கள் அதை இறுதிச் சடங்கிலும் நினைவு நாளிலும் மட்டுமே பொதுவில் வாசிக்கிறார்கள், பழகுவதைக்கூட யார் காதிலும் படாமல் வைத்துக்கொள்கிறார்கள். பல தலைமுறைகள் ஒரு மெட்டை இப்படிச் சாவுக்கென்றே ஒதுக்கி வைத்தால், முதல் இரண்டு ஸ்வரத்திலேயே நெஞ்சு கனக்கத் தொடங்கிவிடும்.

பழக்கம் மாறினால் அதே கருவி சிரிக்கும். அதைப் பார்க்கக் கோலாலம்பூரைவிட்டு எங்கும் போக வேண்டாம். 1986இல் இங்கே தொடங்கப்பட்ட ஸ்ரீ தஸ்மேஷ் பைப் பேண்ட், தலைப்பாகை கட்டிய சீக்கிய இளைஞர்களின் குழு. 2019இல் கிளாஸ்கோவில் நடந்த உலகப் பைப் பேண்ட் போட்டி வரை போய் வாசித்தார்கள். அவர்கள் ஊர்வலத்தில் வரும்போது குழந்தைகள் கூடவே ஓடுகின்றன. பஞ்சாபில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கே பேக்பைப் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன அந்தக் கருவி அங்கே கல்யாணச் சாமான். உலகில் விற்பனையாகும் பேக்பைப்புகளில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் செய்யப்படுகிறது என்றால் ஸ்காட்லாந்துக்காரர்களே கொஞ்சம் சங்கடப்படுவார்கள்.

மலாயாத் தமிழனுக்கும் அந்த ஒலி புதிதல்ல. ரப்பர் தோட்டத்துத் துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. கம்போங் மேடானிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கின்ராரா என்ற பெயர் ஸ்காட்லாந்து மலைநாட்டில் இருக்கும் ஓர் இடத்துக்கும் உரியது. கெப்போங்கில் நம் பிள்ளைகள் எடின்பர்க் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். 1942 ஜனவரி 31 காலையில், ஜப்பானியர் நெருங்க நெருங்கப் பிரிட்டிஷ் படைகள் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. கடைசியாகக் கடந்தவர்கள் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படைப்பிரிவினர். எஞ்சியிருந்த பைப்பர்கள் வாசிக்க அவர்கள் நடந்தார்கள், பிறகு பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அன்று வாசித்தது இரங்கல் அல்ல, மிடுக்கான நடைமெட்டு. தோற்றுப் பின்வாங்கும் படைக்கு அழுகையைவிட அதுதான் தேவைப்பட்டது.

வெப்பநாட்டில் இந்தக் கருவி படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காற்றில் ஒலியின் வேகம் 10 பாகையில் வினாடிக்கு ஏறத்தாழ 337 மீட்டர், 33 பாகையில் 351. குழலின் நீளம் மாறாததால் வேகம் கூடினால் சுருதியும் கூடும். இந்த இரண்டு வெப்பநிலைக்கும் இடையே கணக்குப்படி அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வித்தியாசம் வரும். குழலுக்குள் போவது எப்படியும் வெதுவெதுப்பான மூச்சுக்காற்று என்பதால் முழு வித்தியாசமும் காதில் படாது. ஆனாலும் ஈரப்பதத்தில் நாணல் ஊறும், சுருதிக் குழல்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஈரம் இன்னொன்றும் செய்யும். பிரிட்டனில் பேக்பைப் வாசித்துவந்த 61 வயதுக்காரர் ஒருவர் நுரையீரல் அழற்சியால் 2014இல் இறந்தார். கருவியின் உள்ளே படர்ந்திருந்த பூஞ்சையை ஆண்டுக்கணக்காக அவர் உள்ளிழுத்திருக்கலாம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். நம் ஊரில் வாசிக்கிறவர்கள் குழலைத் துடைத்துக் காயவைக்கச் சோம்பக் கூடாது.

இனி தப்பு, அதாவது பறை. அதில் ஸ்வரமே இல்லை, ராகத்துக்கு எங்கே போவது? வட்டத் தோலின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற ஒழுங்கற்ற விகிதங்களில் எழுவதால் காதுக்குத் திட்டமான சுருதி கிடைப்பதில்லை. மிருதங்கத்தில் கரணை இட்டு இந்த விகிதங்களை முழு எண்களுக்கு இழுத்துவந்திருக்கிறார்கள் என்பதை சி.வி. ராமன் 1920இல் விளக்கினார். தப்புக்கு அந்த நாகரிகம் தேவையில்லை. அதன் வேலை எட்டுவது. நெருப்பில் காட்டித் தோலை முறுக்கினால் இழுவிசை கூடும், ஒலி தெறிக்கும். குச்சி பட்ட கணத்தில் உச்சத்துக்கு எழுந்து உடனே அடங்கும் ஒலி என்பதால், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் பிடித்துக்கொள்ளும். தோட்டத்தில் ஒரு லயத்தில் நடந்த சாவை மற்ற லயங்களுக்கும் பால்வெட்டுக் காட்டுக்கும் தெரிவிக்க இதைவிடச் சிறந்த கருவி இருந்திருக்க முடியாது.

கூடவே வரும் உறுமி வேறு ரகம். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். குச்சி தோலில் ஒட்டி, நழுவி, மறுபடி ஒட்டும். வயலின் வில்லும் தந்தியைப் பேச வைப்பது இதே ஒட்டி நழுவும் உராய்வால்தான். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். அதனால்தான் மேளங்களில் உறுமி மட்டும் முனகுகிறது. அது முனகுவதைத் துயரம் என்று எண்ணுகிறவர்கள் தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். அங்கே அதே முனகலில் காவடி ஆடுகிறது, ஆட்களுக்கு அருள் வருகிறது. சாவு வீட்டில் ஊதும் சங்கும் கோயிலில் ஊதும் சங்கும் ஒரே கூம்பு, ஒரே ஸ்வரம். பறையில் சாமிச்சாட்டு அடி வேறு, பாடை அடி வேறு, மாரடிப்பு அடி வேறு. தோல் ஒன்று, குச்சி ஒன்று, அடி மட்டும் மாறுகிறது. தெரிந்தவனுக்கு அடி செய்தி சொல்லும். தெரியாதவனுக்கு எல்லாம் இரைச்சல்.

ஆகவே நான் வந்து சேர்ந்த முடிவு, சாவுக்கான ஒலி வேறு, சோகமான ஒலி வேறு. சாவுக்கான ஒலி ஊருக்குச் செய்தி சொல்ல வேண்டும், கூட்டத்தைக் கட்டி நிறுத்த வேண்டும், பேசத் தெரியாமல் நிற்கும் மனிதர்களுக்கு ஏதாவது செய்யக் கொடுக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழுவினர் 2012இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சேர்ந்து பாடியவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் மேளம் அடித்தவர்களுக்கும் வலி தாங்கும் எல்லை உயர்ந்தது, வெறுமனே இசை கேட்டவர்களுக்கு உயரவில்லை. உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபின் இதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம். பாடைக்கு முன்னால் ஆடுகிற பையனைப் பார்த்து, செத்த வீட்டில் என்னடா கூத்து என்று பெரியவர்கள் திட்டுவார்கள். அவன் வலி தாங்கும் வேலையைத்தான் செய்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேக்பைப் சடங்கில் கூட்டம் அசையாது, ஒருவர் மட்டுமே நடப்பார். அந்த நடையில் அருமையான இயற்பியல் இருக்கிறது. ஒலியைத் தணிக்கவே தெரியாத கருவியைத் தணிய வைக்க ஒரே வழி, அதைத் தூக்கிக்கொண்டு அப்பால் போவது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். தூரம் போகப் போக மேலதிர்வுகளைக் காற்று முதலில் உறிஞ்சிக்கொள்வதால் கூர்மையும் போகும். சத்தம் தணிந்து, கூர்மை மழுங்கி, யூஸ்லினும் லாவுக்காவும் சொன்ன துயரத்தின் இலக்கணம் அந்தக் கடைசி நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. நம்மிடமும் இது உண்டு, வேறு வடிவில். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கம் இல்லாத வீடுகளில், மேளம் தெருமுனை திரும்பி அடங்கிப்போவதை வாசலில் நின்று கேட்பவர்கள் தாயும் மனைவியும்தான். அழுகை வெடிக்கும் நேரமும் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் தோட்டத்தில் காற்றில் கரைந்த ஒலி அடுக்குமாடியில் கரைவதில்லை. நேருக்கு நேர் நிற்கும் இரண்டு கான்கிரீட் புளோக்குகளுக்கு நடுவே ஓர் அடி விழுந்தால் அது சுவருக்குச் சுவர் போய்வரும். தாழ்ந்த அதிர்வுகள் சுவரையும் தரையையும் தாண்டி எட்டாவது மாடியில் தூங்கும் குழந்தையின் கட்டில்வரை போகும். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது காதுப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். உறுமிக் குழுக்களில் அடிக்கும் பையன்கள் மணிக்கணக்கில் அதற்குள்தான் நிற்கிறார்கள், காதடைப்பான் போட்டவர்களைக் காண்பது அரிது.

கம்போங் மேடானைப் பற்றிப் பேசும்போது 2001 மார்ச்சைத் தவிர்க்க முடியாது. அந்த இனக்கலவரத்தில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஒரு கல்யாண வீடும் ஒரு சாவு வீடும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்ததில் எழுந்த தகராறு அதற்குப் பொறியானது என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. மேளத்தால் வந்த வினை என்று நான் சொல்லவில்லை. வறுமையும் நெருக்கடியும் கவனிப்பாரற்ற புறம்போக்குக் குடியிருப்பும் அங்கே நீண்ட நாளாகப் புகைந்துகொண்டிருந்தன. ஆனால் ஒருவருக்குத் துக்கமாகக் கேட்பது அடுத்தவருக்கு வேறாகக் கேட்கும் என்பது இயற்பியலுக்கு அப்பால் போகும் விஷயம். அதைப் பக்கத்து வீட்டாரிடம் போய்ச் சொல்லி வைப்பது நம் பொறுப்பு.

நம்மவர்களுக்கே அது வேறாகத்தானே கேட்டது. சாவுக்கு அடித்ததால் பறை தீட்டானது, அடித்தவரும் தீண்டத்தகாதவராக்கப்பட்டார். தோலின் அதிர்வில் தீட்டு எங்கே இருக்கிறது? பழக்கம் கற்பித்த கொடுமை அது. பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தால் மாற்றவும் முடியும். பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தது. தமிழ்நாட்டில் இன்று கல்லூரி மாணவிகள் பறை கற்கிறார்கள்.

மலேசியாவில் நாம் இழந்துகொண்டிருப்பது வேறு. உறுமி மேளத்துக்கு இளைஞர்கள் குறைவில்லை, சினிமா மெட்டுக்கு ஏற்ற அடியெல்லாம் அடிக்கிறார்கள். ஆனால் தோட்டத்தில் எந்தச் சாவுக்கு எந்த அடி, பிணம் எடுக்கும்போது எது, சுடுகாட்டு வாசலில் எது என்ற கணக்கு, எழுபது எண்பது வயதான சில தப்புக்காரர்களின் கையில்தான் இருக்கிறது. ஒப்பாரி சொல்லத் தெரிந்த பாட்டிகளின் நிலையும் அதுவே. உங்கள் குடும்பத்தில், உங்கள் புளோக்கில் அப்படி ஒருவர் இருந்தால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். ஒலியை மட்டும் பதிவு செய்தால் போதாது. இது எதற்கான அடி, யார் இறந்தால் அடிப்பார்கள், அப்போது வீட்டார் என்ன செய்வார்கள் என்று கேட்டு அதையும் அவர் குரலிலேயே பதிந்து வையுங்கள். அந்த விளக்கம் இல்லாத ஒலிப்பதிவு, பிற்காலத்தில் கேட்கிறவருக்கு வெறும் கொட்டுச் சத்தம்.